அரபி பேசும் பிள்ளைகளுக்கு எழுதப் பழக்குவது: கையா, கண்ணா, காதா?

ஷார்ஜாவில் ஒரு தனியார் பள்ளியின் கேஜி-2 வகுப்பில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்த முதல் ஆண்டில், கெய்ரோவிலிருந்து வந்த ஐந்து வயதுப் பையன் ஒருவனை மூன்று மாதம் தப்பான பாதையில் இழுத்தடித்தேன். மூன்று என்ற எண்ணுக்கு ஏட்டு அரபியில் 'ஸலாஸா' என்று பெயர். அதன் முதல் எழுத்துக்கு மேலே மூன்று புள்ளி வைக்க வேண்டும். அவன் எப்போதும் இரண்டு புள்ளிதான் வைப்பான். நரி, பூண்டு என்று அந்த எழுத்து வரும் சொல் எல்லாவற்றிலும் அதே கதை. கை பழகவில்லை என்று நினைத்து, பக்கம் பக்கமாக மூன்று புள்ளி வைக்கச் சொன்னேன். பையன் கடைசியில் பென்சிலைக் கண்டாலே அழ ஆரம்பித்தான்.

ஒரு நாள் அவன் அம்மா அழைத்துப் போக வந்தபோது, அவன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்: "வாஹித், இத்னேன், தலாத்தா." வீட்டில் அவர்கள் சொல்வது 'தலாத்தா'. இரண்டு புள்ளித் தா. அவன் காதில் விழுந்ததைச் சரியாகத்தான் எழுதிக்கொண்டிருந்தான். கையில் குறை எதுவும் இல்லை.

அதன்பிறகு நான் கற்றுக்கொண்டதை, வளைகுடாவில் மழலையர் வகுப்பில் உதவி ஆசிரியையாகவோ ஒரு பிள்ளைக்குத் துணை ஆசிரியையாகவோ புதிதாகச் சேரும் நம் ஊர்க்காரர்களுக்காக எழுதுகிறேன். வீட்டில் ட்யூஷன் எடுப்பவர்களுக்கும் 3-வது படியிலிருந்து பொருந்தும்.

ஒரு குறிப்பு: தமிழில் எழுதினால் பல அரபி எழுத்துகள் ஒன்றுபோலத் தெரியும். அதனால் 'இரண்டு புள்ளித் தா', 'தடித்த தா' என்று அடையாளம் சொல்லியே எழுதுகிறேன்.

1. காகிதங்களை ஊரிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்

பட்டச் சான்றிதழுக்கு அட்டெஸ்டேஷன் வேண்டும். வரிசை இதுதான்: முதலில் மாநில அரசின் சரிபார்ப்பு, பிறகு டெல்லி வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம், கடைசியில் அமீரகம் வந்தபின் இங்குள்ள வெளியுறவு அமைச்சகம். இந்தக் கடைசி முத்திரைக்கு ஒரு சான்றிதழுக்கு 150 திர்ஹாம். ஏஜென்ட் கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும். குறைந்தது மூன்று பேரிடம் கேளுங்கள். அந்தத் தொகையில் தூதரகக் கட்டணமும் அடக்கமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு எல்லாம் முடிய ஏழு வாரம் ஆனது. "பத்து நாளில் முடித்துத் தருகிறேன்" என்றவரை நம்பி டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகளோடு வேலை என்பதால் பி.சி.சி. என்னும் காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழும் கேட்பார்கள். பாஸ்போர்ட் சேவா வழியாக விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். ரொம்ப முன்னாடியே எடுத்துவைத்தால் காலாவதியாகிவிட்டது என்பார்கள். கிளம்பும் தேதியை ஒட்டி எடுங்கள்.

நம் ஆட்கள் அதிகம் மாட்டுவது இனிஷியலில். சான்றிதழில் 'எம்.' என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் வாங்கி, சான்றிதழ்களோடு சேர்த்து வையுங்கள். நான் வைக்கவில்லை. மூன்று வாரம் அதில் போனது.

பணியில் சேர ஒப்புதல் தருவது எமிரேட்டுக்கு எமிரேட் வேறு அமைப்பு. ஷார்ஜாவில் தனியார் கல்வி ஆணையம், துபாயில் கே.ஹெச்.டி.ஏ., அபுதாபியில் அடெக். பள்ளியே விண்ணப்பிக்கும். ஆனால் எந்தத் தாள் நிலுவையில் இருக்கிறது என்று வாரம் ஒருமுறை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

2. பிள்ளைக்கு முன்னால் நீங்கள் எழுதிப் பழகுங்கள்

வகுப்பில் அரபி சொல்லித்தருவது அரபி ஆசிரியைதான். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கைபிடிக்கிறவர். ஆனாலும் எழுத்து தெரியாமல் கைபிடிக்க முடியாது. தினம் அரை மணி நேரம், மூன்று வாரம் போதும்.

தெரிந்துகொள்ள வேண்டியவை: எழுத்து 28. வலமிருந்து இடமாக எழுத வேண்டும், பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற பேதம் கிடையாது. அச்சிலும் கையெழுத்திலும் எழுத்துகள் கோத்துக்கொண்டே போகும். அதனால் ஒரே எழுத்துக்குச் சொல்லின் தொடக்கத்தில், நடுவில், இறுதியில், தனியாக என்று வடிவம் மாறும். அலிஃப், இரண்டு தால், ரா, ஸாய், வாவ் ஆகிய ஆறும் தனக்கு முன் வந்த எழுத்தோடு சேரும், தனக்குப் பின் வருவதோடு சேராது. ரோஜாவைக் குறிக்கும் 'வர்த்' என்ற சொல்லில் மூன்று எழுத்தும் தனித்தனியாக நிற்பது இதனால்தான். பிள்ளைகள் இங்கேதான் குழம்புகிறார்கள். சொல்லுக்குள் இருக்கும் இடைவெளி எது, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இருப்பது எது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. உங்களுக்கும் முதலில் தெரியாது.

28-ல் 15 எழுத்துக்குப் புள்ளி உண்டு. வீட்டைக் குறிக்கும் 'பைத்', பெண்பிள்ளையைக் குறிக்கும் 'பிந்த்' இரண்டையும் எழுதிப் பாருங்கள். கோட்டு வடிவம் அச்சு அசலாக ஒன்றே. நடு எழுத்தில் கீழே இரண்டு புள்ளி வைத்தால் வீடு, மேலே ஒரு புள்ளி வைத்தால் பெண். புள்ளி எவ்வளவு பாரம் சுமக்கிறது என்பது இதை எழுதியபோதுதான் எனக்கு உறைத்தது.

குறில் உயிர்களுக்கு எழுத்து கிடையாது, மேலேயும் கீழேயும் போடும் சின்னக் குறிகள்தான்: ஃபத்ஹா, கஸ்ரா, ளம்மா. (மதரஸாவில் ஓதிய நம் பிள்ளைகள் ஜபர், ஜேர், பேஷ் என்று படித்தது இதைத்தான்.) நெடிலுக்கு மட்டும் தனி எழுத்து வரும். க, கா, கி என்று எல்லா உயிரையும் எழுதிப் பழகிய நமக்கு இது விநோதமாகத் தோன்றும். அரபிப் பிள்ளைகளும் குறிலைக் கேட்டு நெடில் எழுத்தைப் போட்டுவிடுவார்கள். 'கதப' என்பதை 'காதாபா' என்று எழுதுவார்கள். கேஜியில் இது எல்லாப் பிள்ளைகளும் கடந்து போகிற கட்டம். பயப்பட வேண்டாம்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு எழுத்து ஏற்கெனவே தெரிந்திருக்கும், அது நல்ல தொடக்கம். ஆனால் குர்ஆனை வாசிப்பது வேறு, ஐந்து வயதுப் பிள்ளை எந்த இடத்தில் பென்சிலை வைத்துத் தொடங்க வேண்டும் என்று காட்டுவது வேறு. இன்னொன்று, இங்கே 'மத்ரஸா' என்றால் சாதாரணப் பள்ளிக்கூடம். 'மாமா' என்றால் அம்மா. முதல் வாரத்தில் ஒரு பெண்குழந்தை "மாமா, மாமா" என்று அழுதபோது, நான் அவள் மாமனைத் தேடி வரவேற்பறைக்குச் சொல்லி அனுப்பினேன்.

3. வீட்டில் எந்த அரபி பேசுகிறார்கள் என்று முதல் வாரமே கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பிள்ளை வீட்டில் பேசுவது வட்டார அரபி. புத்தகத்தில் இருப்பது ஃபுஸ்ஹா என்னும் ஏட்டு அரபி. நமக்கும் பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் வேறுதானே. நம் ஊர்ப் பிள்ளை 'வாளப்பளம்' என்று எழுதினால் கையைக் குறை சொல்ல மாட்டோம், பேச்சில் ழகரம் இல்லை என்று உடனே புரிந்துகொள்வோம். அரபியில் இந்த இடைவெளி இன்னும் அகலம். எலினோர் சயேக்-ஹத்தாத் என்ற ஆய்வாளர் அரபிக் குழந்தைகளிடம் இதைத்தான் சோதித்துப் பார்த்தார். தங்கள் பேச்சுவழக்கில் இல்லாத ஒலியைச் சொல்லிலிருந்து பிரித்தெடுப்பது அவர்களுக்குக் கூடுதல் கடினம் என்று கண்டார்.

நான் வகுப்பில் பார்த்தவற்றில் சில:

கெய்ரோ, டமாஸ்கஸ், பெய்ரூட் வீடுகளில் தொண்டை அடியிலிருந்து வரும் காஃப் எழுத்தை உச்சரிப்பதில்லை, அந்த இடத்தில் ஒரு சின்ன நிறுத்தம் மட்டும் வரும். இதயத்துக்கு ஏட்டில் 'கல்ப்', வீட்டில் 'அல்ப்'. பிள்ளை அலிஃப் போட்டு எழுதும். எகிப்திலும் சிரியா, லெபனான் பக்கத்து நகரங்களிலும் மூன்று புள்ளி ஸா பல சொற்களில் இரண்டு புள்ளித் தா ஆகிவிடும். என் பையன் மாட்டியது அதில்தான். எமிராத்தி வீடுகளில் ஜீம் சில சொற்களில் யா ஆகும். கோழிக்கு ஏட்டில் 'தஜாஜ்', வீட்டில் 'தியாய்'. வளைகுடாப் பேச்சில் புள்ளி வைத்த ஸாத்தும் புள்ளி வைத்த தடித்த தாவும் ஒரே ஒலியில் சேர்ந்துவிட்டதால், எதை எழுதுவது என்று பெரிய பிள்ளைகளே தயங்குவார்கள்.

எனவே சேர்க்கைப் படிவத்தில் 'தாய்நாடு' என்ற கட்டத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அப்பா ஊர் வேறு, அம்மா ஊர் வேறு, வீட்டில் பார்த்துக்கொள்பவர் எத்தியோப்பியாவோ பிலிப்பைன்ஸோ இலங்கையோ ஆக இருக்கலாம். பிள்ளை ஒரு நாளில் அதிக நேரம் யாரோடு பேசுகிறது என்று கேட்டு எழுதிவையுங்கள்.

4. உங்கள் காதை நம்பி டிக்டேஷன் போடாதீர்கள்

இங்கே டிக்டேஷனை 'இம்லா' என்பார்கள். அரபி ஆசிரியை விடுப்பில் இருக்கும் நாளில் "நீங்களே இம்லா எடுத்துவிடுங்கள்" என்று சொல்வார்கள். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அத்திப்பழம் 'தீன்', களிமண்ணும் 'தீன்'. முதலாவது சாதாரணத் தா, இரண்டாவது தடித்த தா. வாள் 'ஸைஃப்', கோடைகாலம் 'ஸைஃப்'. ஸீன் ஒன்று, ஸாத் ஒன்று. இதயம் 'கல்ப்' (தமிழ் முஸ்லிம் வீடுகளில் சொல்லும் அதே கல்பு), நாயும் 'கல்ப்'. தமிழில் எழுதினால் ஒன்றே, பெரும்பாலும் நம் வாயிலும் ஒன்றே. நீங்கள் "ஸைஃப்" என்று சொல்லி, பிள்ளை வாள் என்று எழுதி, புத்தகத்தில் கோடை என்று இருந்தால் தவறு யாருடையது?

வழி எளியது. வாரத்தின் பத்துச் சொற்களை அரபி ஆசிரியையின் குரலில் பதிவு செய்து வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை, நடுவே இடைவெளி விட்டு. செலவு ஒன்றும் இல்லை. பிள்ளைகள் வீட்டில் கேட்கவும் அதையே அனுப்பலாம். ஃபுஸ்ஹாவில் ஒலிமாற்றம் செய்த கார்ட்டூன்களும் நல்ல துணை. ஸ்பேஸ்டூன் என்ற அரபிக் கார்ட்டூன் சேனலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ஏட்டு அரபிச் சொற்களை விளையாட்டாகவே சொல்லுவார்கள்.

5. உட்காருவது, பிடிப்பது, தாளை வைப்பது

பாதம் தரையில் படவேண்டும். படாவிட்டால் காலடியில் ஒரு பெட்டி வையுங்கள். பென்சில் குட்டையாக, முக்கோணமாக இருந்தால் விரல் தானே சரியான இடத்தில் நிற்கும்.

அடுத்தது நம்மில் பலர் யோசிக்காதது. தமிழோ ஆங்கிலமோ எழுதும் வலக்கைக்காரர், தான் எழுதியதைப் பார்த்துக்கொண்டே முன்னேறுவார். அரபியில் வலக்கை நிற்கும் இடம் எழுதி முடித்த பக்கம். கை அந்த எழுத்துகளை மூடிவிடும், தேய்த்தும்விடும். அதனால் பிள்ளை மணிக்கட்டை விநோதமாக வளைக்கும், அல்லது கையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும். அதைத் திட்டாதீர்கள். கை வரிக்குக் கீழே இருக்கும்படி பழக்குங்கள், தாளைக் கொஞ்சம் மேலே நகர்த்திச் சாய்த்துக் கொடுங்கள். இடக்கைப் பிள்ளைகளுக்கு இதில் சிரமம் குறைவு. எழுதியது அவர்கள் கண்ணுக்குத் தெரியும்.

இடக்கையால் எழுதும் பிள்ளையை வலக்கைக்கு மாற்றச் சொல்லி சில வீடுகளில் கேட்பார்கள். சாப்பிடுவதற்கு வலக்கை என்ற பழக்கம் நம் வீடுகளிலும் உண்டு, அந்த மனசு நமக்குப் புரியும். நீங்களாக வாதம் செய்ய வேண்டாம், மாற்றவும் வேண்டாம். வகுப்பாசிரியை மூலமாகப் பேசச் சொல்லுங்கள்.

அதே காலையில் இந்தப் பிள்ளைகள் ஆங்கிலமும் எழுதுகிறார்கள், இடமிருந்து வலமாக. அரபி நோட்டின் வலது ஓரத்தில் ஒவ்வொரு வரியிலும் ஒரு பச்சைப் பொட்டு, ஆங்கில நோட்டில் இடது ஓரத்தில் பச்சைப் பொட்டு. 'பொட்டிலிருந்து புறப்படு' என்பது மட்டும்தான் விதி. எண்களைக் கவனியுங்கள்: அரபி எண்களில் ஐந்து நம் பூஜ்யம் போல வட்டமாக இருக்கும், பூஜ்யம் வெறும் புள்ளி, ஆறு பார்க்க ஏழு போல. இரண்டு இலக்க எண்ணைப் பிள்ளை திருப்பி எழுதினால் உடனே குறைபாடு என்று முடிவுகட்டாதீர்கள்.

6. முதலில் கோடு, பிறகு உடல், கடைசியில் புள்ளி

கேஜி-1-ல் பென்சிலை விட மணல் தட்டும் களிமண்ணும் முக்கியம். படகு போன்ற வளைவு, கொக்கி, முட்டை வட்டம், மேலிருந்து கீழே ஒரு கோடு. அரபி எழுத்தின் பெரும்பகுதி இந்த நான்கில் அடங்கிவிடும். தட்டு, மணல், களிமண், முக்கோணப் பென்சில், பச்சை மார்க்கர் எல்லாம் சேர்த்து எனக்கு 60 திர்ஹாமுக்குள் முடிந்தது. விலை குறைந்த பொருள்கள் விற்கும் கடைகளில் எல்லாம் கிடைக்கும். பள்ளி தருமா என்று முதலில் கேளுங்கள், பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துகளை அகர வரிசையில் பழக்குவதைவிடக் குடும்பமாகப் பழக்குவது கைக்கு எளிது. பா, தா, ஸா மூன்றும் ஒரே படகு. ஜீம் குடும்பம் மூன்றும் ஒரே கொக்கி. கை ஒரு முறை பழகினால் போதும், புள்ளி மட்டும்தான் மாறும்.

சொல் எழுதும்போது ஒழுங்கு இதுதான்: சேர்ந்து வரும் கோட்டை முழுவதும் எழுதிவிட்டு, பிறகு வலமிருந்து புள்ளிகள், கடைசியில் குறில் குறிகள். ஒவ்வொரு எழுத்துக்கும் நின்று புள்ளி வைக்கும் பிள்ளைக்குக் கோடு அறுந்துகொண்டே இருக்கும், எழுத்து வரியை விட்டு ஏறும். அதேபோல் தனியாக நிற்கும் அலிஃபை மேலிருந்து கீழாகவும், முந்தைய எழுத்தோடு சேரும் அலிஃபைக் கீழிருந்து மேலாகவும் எழுத வேண்டும். இதை நான் ஆறு மாதம் தப்பாகக் காட்டிக்கொண்டிருந்தேன். தடித்த தாவுக்கு முட்டை முதலில், குச்சி பிறகு.

ஸீனுக்கு மூன்று பல், அதாவது கோட்டில் மேலே நீட்டும் மூன்று சின்ன முனை. அடுத்த எழுத்தும் பல் உள்ளதாக இருந்தால் பிள்ளைக்கு எண்ணிக்கை தப்பிவிடும், நான்குக்குப் பதில் மூன்றோ ஐந்தோ வரும். வாயால் எண்ணிக்கொண்டே எழுத வையுங்கள். 'ஃபோக்' மேலே, 'தஹ்த்' கீழே, 'யமீன்' வலது, 'யஸார்' இடது, 'நுக்தா' புள்ளி, 'ஸத்ர்' வரி. இந்த ஆறு சொல்லும், பையனுக்கு 'ஷாதிர்', பெண்ணுக்கு 'ஷாதிரா' என்ற பாராட்டும் போதும், பாதி வகுப்பை நடத்திவிடலாம்.

வீட்டிலிருந்து ஒரு குழப்பம் வரும். பெரியவர்கள் வேகமாக எழுதும் ருக்ஆ எழுத்தில் இரண்டு புள்ளி ஒரு சின்னக் கோடாகிவிடும், ஸீனின் பற்கள் மறைந்து நீட்டுக் கோடாகும். புத்தகத்தில் இருப்பது நஸ்க். அம்மா எழுதிக்கொடுத்த மாதிரியைப் பார்த்து எழுதிய பிள்ளை புள்ளிக்குப் பதில் கோடு போட்டிருந்தால் அது அலட்சியம் இல்லை. எகிப்தில் சொல்லின் இறுதி யாவுக்குப் புள்ளி வைக்காமல் அச்சிடுவதும் வழக்கம். அதையும் சிவப்பு மையால் வட்டமிடாதீர்கள்.

7. திருத்துவதற்கு முன் மூன்று சோதனை

ஒரே தவறு மூன்று வாரம் தொடர்ந்தால், திருத்துவதை நிறுத்திவிட்டு இதைச் செய்யுங்கள். கால் மணி நேரம் ஆகும். காலையில், பிள்ளை சாப்பிட்டிருக்கும் நேரத்தில் செய்யுங்கள்.

முதலில் பொருத்தச் சொல்லுங்கள். தவறிய சொல்லை ஓர் அட்டையில் காட்டி, அதே சொல்லை ஐந்து அட்டைகளிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். 'பைத்', 'பிந்த்' போல் புள்ளியால் மட்டும் வேறுபடும் அட்டைகளைக் கலந்துவையுங்கள். எழுத வேண்டியதில்லை. இங்கேயே தவறினால், முதலில் கண்ணைப் பாருங்கள்.

அடுத்து பார்த்து எழுதச் சொல்லுங்கள். பொருத்தியது சரி, பார்த்து எழுதுவதில் கோணல் என்றால் கை. விரல் வலு, பிடி, உட்காரும் முறை எல்லாவற்றையும் 5-ம் படியிலிருந்து மறுபடி பாருங்கள்.

கடைசியில் பதிவு செய்த குரலைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். முதல் இரண்டும் சரி, இதில் மட்டும் தவறு என்றால் காது. அதாவது பேச்சுவழக்கு. இதற்கு மருந்து பென்சிலில் இல்லை. படத்தைக் காட்டி "வீட்டில் என்ன சொல்வீர்கள்? புத்தகத்தில் என்ன சொல்வார்கள்?" என்று இரண்டையும் சொல்லவைக்க வேண்டும். வீட்டுச் சொல்லைத் தப்பு என்று சொல்லவே கூடாது. என் கெய்ரோ பையனுக்கு இந்தச் சோதனையைச் செய்தபோது மூன்று புள்ளியைத் தேடி எடுத்தான், அழகாகப் பார்த்தும் எழுதினான். 'வீட்டுத் தலாத்தா, புத்தக ஸலாஸா' என்று விளையாடத் தொடங்கி இரண்டு வாரத்தில் மூன்றாவது புள்ளி வந்துவிட்டது. மூன்று மாதம் நான் வாங்கிய அழுகையை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

பேச்சுவழக்கில் தெளிவாக இருக்கும் ஒலிகளையே குழப்பினால் விஷயம் வேறு. அப்போது செவித்திறன் சோதனை வேண்டும்.

8. கோப்பு, அனுமதி, மருத்துவர், செலவு

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு வையுங்கள். மாதம் ஒரு எழுத்து மாதிரி, தேதியோடு. பார்த்து எழுதியதா, கேட்டு எழுதியதா என்று ஓரத்தில் குறியுங்கள். இந்தக் குறிப்பு இல்லாத மாதிரி பின்னால் எதற்கும் உதவாது.

கைப்பேசியில் படம் எடுக்காதீர்கள். நோட்டை மட்டும்தானே என்று நான் எடுத்தேன், மேலே பிள்ளையின் பெயர் இருந்தது. முதல்வர் அறையில் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று, அவர்கள் கேட்டது நியாயம்தான். அமீரகத்தில் குழந்தை உரிமைகளுக்கென்றே 2016-ம் ஆண்டின் 3-ம் எண் சட்டம், வதீமா சட்டம் என்று அழைக்கப்படுவது, இருக்கிறது. பள்ளிச் சாதனம், பெற்றோரின் எழுத்து அனுமதி, இரண்டும் இருந்தால் மட்டும் படம்.

மூன்று சோதனையும் செய்து, ஆறு வாரம் பழக்கியும் முன்னேற்றம் இல்லை என்றால் வகுப்பாசிரியை வழியாகப் பெற்றோரிடம் சொல்லுங்கள். வரிசை முக்கியம்: முதலில் கண் மருத்துவர், பிறகு செவிச் சோதனை, அதன்பிறகுதான் கைத்திறன் சிகிச்சையாளர் அல்லது முழு மதிப்பீடு. புள்ளியைத் தவறவிட்ட ஒரு சிறுமிக்குத் தேவைப்பட்டது மூக்குக்கண்ணாடி மட்டும்தான். முழு மதிப்பீடு தனியார் மையங்களில் சில ஆயிரம் திர்ஹாம் வரை போகும், ஒவ்வோர் அமர்வுக்கும் சில நூறு. பெற்றோர் நேரம் குறிப்பதற்கு முன் கேட்க வேண்டியவை: அறிக்கைக்குத் தனிக் கட்டணமா? காப்பீடு ஏற்குமா, அதற்கு மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டுமா? மதிப்பீட்டை அரபியில் செய்வார்களா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அரபி பேசும் பிள்ளையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்து எழுதிய அறிக்கையை வைத்து அரபி எழுத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அறிக்கை எந்த மொழியில் வேண்டும் என்று பள்ளியிடமும் முன்பே கேளுங்கள், சட்ட மொழிபெயர்ப்புக்குப் பக்கக் கணக்கில் பணம் போகும்.

கொண்டுபோக வேண்டியவை: பிள்ளையின் எமிரேட்ஸ் ஐடி, காப்பீட்டு அட்டை, பழைய கண், காது அறிக்கைகள், உங்கள் கோப்பிலிருந்து மூன்று மாத மாதிரி.

உங்கள் வாயால் 'டிஸ்லெக்ஸியா' (வாசிப்புக் குறைபாடு), 'டிஸ்கிராஃபியா' (எழுதுவதில் குறைபாடு) என்ற சொற்கள் வரவே கூடாது. சிகிச்சையாளராக இருக்க துபாயில் டி.ஹெச்.ஏ. என்னும் துபாய் சுகாதார ஆணையத்தின் உரிமம் வேண்டும், மற்ற எமிரேட்டுகளிலும் அந்தந்த அமைப்பின் உரிமம் வேண்டும். நாம் பார்த்ததை மட்டும் சொல்லலாம்: "கேட்டு எழுதும்போது இந்த நான்கு எழுத்து தவறுகிறது, பார்த்து எழுதும்போது தவறவில்லை."

9. எந்த மாதத்தில் எது

இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கும். அரபிப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் மற்ற பள்ளிகளில் ஆகஸ்ட் இறுதியில்தான் ஆண்டு தொடங்கும். முதல் இரண்டு வாரம் அழுகையும் அரவணைப்பும்தான், எதையும் சோதிக்காதீர்கள். பேச்சுவழக்குக் கேள்வியை மட்டும் முதல் வாரமே கேட்டுவிடுங்கள். மூன்றாவது வாரத்தில் முதல் மாதிரி. டிசம்பர் விடுமுறைக்கு முன் மூன்று சோதனையைத் தேவைப்படும் பிள்ளைகளுக்கு முடித்துவிடுங்கள். மருத்துவரிடம் அனுப்ப வேண்டியிருந்தால் ஜனவரியிலேயே அனுப்பிவிட்டால், ஆண்டு முடிவதற்குள் ஏதாவது செய்ய நேரம் இருக்கும். ஷார்ஜாவில் 2022 ஜனவரியிலிருந்து வாரம் நான்கு நாள்தான் பள்ளி, வெள்ளியும் விடுமுறை. துபாய்க் கணக்கை வைத்துத் திட்டம் போட்டால் பாதி மிச்சமாகிவிடும்.

ரமலானில் பள்ளி நேரம் குறையும். கேஜி பிள்ளைகள் நோன்பு வைக்காவிட்டாலும் வீடு முழுக்க இரவில் விழித்திருக்கும், அவர்களும் விழித்திருப்பார்கள். அந்த மாதத்து மாதிரியை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். மணலும் களிமண்ணும் கதையும் போதும்.

ஜூனில், கோப்பை முதல் வகுப்பு ஆசிரியைக்குக் கொடுப்பதற்கு முன், மேல்பக்கத்தில் மூன்று வரி எழுதித்தரச் சொல்லி அரபி ஆசிரியையிடம் கேளுங்கள்: வீட்டில் எந்த வட்டாரப் பேச்சு, எந்தக் கையால் எழுதுகிறது, காதில் இன்னும் தெளியாத எழுத்துகள் எவை. அரபியிலேயே எழுதித்தரச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அதைப் படிக்கப்போவது அரபி ஆசிரியை.